சொற்கட்டும் ஒலிப்பொறியும்

நெல்லியம்பதி மலையின் அடிவாரத்தில், பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அமைந்திருக்கிறது கொல்லங்கோடு. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் உடன்பிறந்தாரைப்போல் பழகும் ஊர் அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமையும்வரை, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இப்பகுதியின் கோயில் திருவிழாக்களில் செண்டை முழங்கக் கேட்டவர்கள் அவ்வொலியை எளிதில் மறவார். ஆனால் அவ்வாத்தியம் பயிலப்படும் முறை இன்னும் கவனிக்கத்தக்கது. மாணாக்கனின் முன் முதல் நாளே செண்டையை வைத்துவிடுவதில்லை. அவன் புளியமரத்துக் கோலால் கல்லின்மேல் தட்டிப் பழகுகிறான். கை தட்டும்போதே வாய் சொற்கட்டைச் சொல்கிறது. இதற்கு மலையாளத்தில் வாய்த்தாரி என்று பெயர்.

மிருதங்கத்திலும் இதே வழக்குத்தான். பாலக்காடு மணி ஐயரின் விரல்களை உலகம் வியந்தது. அக்கலையின் அரிச்சுவடியும் 'த, தி, தொம், நம்' என்ற நான்கு சொற்களே. இச்சொற்களுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலைக் குறிக்கிறது. இன்ன கை, இன்ன இடத்தில், இன்ன வகையில் விழவேண்டும் என்பதே அதன் பொருள். ஒரு சொல்லுக்கு ஓர் அடி. இந்த ஒப்பந்தத்தை நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே செய்துகொண்டார்கள்.

இதே ஒப்பந்தத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கணிப்பொறியோடும் மனிதன் செய்துகொண்டான். அதற்கு அசெம்பிளர் என்று பெயர். இன்று ஒலிக்கருவிகளை அமைக்கும் பொறியாளர் ஒருவர் தம் மேசையின் முன் அமர்ந்து, திரையில் தோன்றும் மெனுவில் 'எடிட்', 'அசெம்பிள்', 'லோட்', 'ரன்', 'ஸ்டெப்' என்னும் கட்டளைகளுள் ஒன்றைத் தொடுகிறார். அடுத்த நொடியில் ஒலிபெருக்கி பேசுகிறது; அல்லது பேச மறுக்கிறது. பேச மறுக்கும்போதுதான் அக்கட்டளைகளின் உள்ளே நடப்பது என்ன என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. மெனுவிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு காலத்தில் மனிதர் கையால் செய்துவந்த ஓர் உழைப்பின் பெயராகும்.

கணிப்பொறிக்குத் தெரிந்தவை ஒன்றும் சுழியமுமே. முதல் நாட்களில் அதனிடம் வேலை வாங்க விரும்பியவர்கள் அந்த ஒன்று சுழிய வரிசைகளையே எழுதித் தரவேண்டியிருந்தது. மனிதரின் கண் அவற்றில் எளிதில் ஏமாந்துவிடும். 1947-ஆம் ஆண்டில் லண்டன் பர்க்பெக் கல்லூரியைச் சேர்ந்த காத்லீன் பிரிட்டன் என்ற அம்மையார், தம் துணைவராகப் பின்னாளில் அமைந்த ஆண்ட்ரூ பூத்துடன் சேர்ந்து, கட்டளைகளைச் சுருக்கக் குறிகளால் எழுதும் முறையொன்றை வகுத்தார். அசெம்பிளி மொழியின் முதல் வித்து இது என வரலாற்றாசிரியர் கருதுவர். ஆண்ட்ரூ பூத்தின் வடிவமைப்பிலிருந்து பிறந்த எச்.இ.சி. என்ற பொறியின் வழிவந்த ஒன்றே 1950-களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. நம் நாட்டில் நிறுவப்பட்ட முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே.

குறிகளை மனிதன் எழுதலாம். அவற்றை எண்களாக மாற்றும் வேலையை யார் செய்வது? அந்த வேலையையும் பொறியின் தலையிலேயே சுமத்தலாம் என்று காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் வீலர். எட்சாக் என்ற பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கியது. அதற்கென அவர் எழுதிய தொடக்கக் கட்டளைத் தொகுதி 31 கட்டளைகளே கொண்டது. கூட்டலுக்கு 'ஏ', கழித்தலுக்கு 'எஸ்' என்று தாள்நாடாவில் துளையிட்டுக் கொடுத்தால், அத்தொகுதி அவற்றைப் படித்து, எண்ணாக மாற்றி, நினைவகத்தில் உரிய இடத்தில் வைத்தது. இன்று 'அசெம்பிள்' என்றும் 'லோட்' என்றும் மெனுவில் தனித்தனியே நிற்கும் இரு செயல்களையும் அச்சிறு தொகுதி ஒருங்கே செய்தது. அது நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்த இடமோ, தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்டுவந்த சுழலும் சாவிகள்!

எட்சாக்கின் நினைவகம் வேறொரு வகையில் நம் பொருளுக்கு நெருங்கியது. பாதரசம் நிரம்பிய நீண்ட குழாய்களில், காதுக்கு எட்டாத ஒலியலைகளாக எண்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுகொண்டேயிருந்தன. மறுமுனையை அடைந்ததும் அவற்றை மின்னலைகளாக்கி மீண்டும் தொடக்கத்துக்கே அனுப்பினர். இவ்வாறு, கணிப்பொறி ஒலியை உண்டாக்குமுன்பே ஒலி கணிப்பொறிக்கு நினைவாக நின்றது.

காதுக்கு எட்டும் ஒலியும் விரைவிலேயே வந்தது. மான்செஸ்டரில் 1951-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஃபெர்ராண்டி பொறியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. பொறி வேலையை முடித்துவிட்டதா, எங்கேனும் சிக்கிக்கொண்டதா என்பதை இயக்குபவர் காதால் அறிவதே அதன் நோக்கம். ஒரு குறிப்பிட்ட கட்டளை ஒலிபெருக்கிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். அக்கட்டளையைச் சுற்றிச் சுற்றி வரச் செய்தால் துடிப்புகள் தொடர்ந்து ஒரு சுரமாகும். சுற்றின் நீளத்தை மாற்றினால் சுரமும் மாறும். அப்பொறிக்குக் கையேடு எழுதிய ஆலன் டூரிங் இதை விளக்கியிருக்கிறார். கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆசிரியர் இம்முறையால் பொறியைப் பாடச் செய்தார். பி.பி.சி. வானொலி அதே ஆண்டில் அதைப் பதிவு செய்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் சி.எஸ்.ஐ.ஆர்.ஏ.சி. என்ற பொறியும் அதே ஆண்டளவில் பாட்டு இசைத்தது. இந்தப் பாடல்களெல்லாம் ஒலிக்கென்று தனி உறுப்பு எதுவும் இல்லாமல், கட்டளைகளின் கால அளவை மட்டும் எண்ணிக் கணக்கிட்டு உண்டாக்கப்பட்டவை. தாளக்காரர் மாத்திரையை எண்ணுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

'ஸ்டெப்' என்ற கட்டளைக்கும் தனி வரலாறு உண்டு. எழுதிய நிரல் பிழைபட்டால், பிழை எங்கே என்று கண்டறிவது எழுதுவதைவிடக் கடினமாயிற்று. கேம்பிரிட்ஜின் ஸ்டான்லி கில் 1951-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இதைப் பற்றியதே. பிழைபட்ட நிரலை மற்றொரு நிரல் ஒவ்வொரு கட்டளையாக நடத்திச் சென்று, ஒவ்வோர் அடியிலும் நிகழ்ந்ததை அச்சிட்டுக் காட்டுமாறு அவர் வழிவகுத்தார். குரு, மாணாக்கனின் பிழையைக் கண்டுபிடிக்கப் பாடத்தை விளம்ப காலத்தில் சொல்லச் சொல்கிறாரன்றோ? அதே உபாயந்தான்.

நம் நாட்டிலும் இவ்வுழைப்பு நிகழ்ந்தது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு சொந்தமாகவே ஒரு கணிப்பொறியை உருவாக்கியது. 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அப்பொறிக்கு 1962-இல் டிஃப்ராக் என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் நினைவகத்தில் 40 பிட்டு நீளமுள்ள 2,048 சொற்களே அடங்கும். அத்தனை சிறிய இடத்தில் வேலை செய்தவர்கள் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணிச் செலவிட்டார்கள்.

பின்னர்ப் பொறிகள் சுருங்கின. 1976-இல் இன்டெல் நிறுவனம் 8085 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. நம் நாட்டுப் பொறியியற் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பல தலைமுறை மாணவர்கள் பயின்றது இதில்தான். மேசைமேல் ஒரு பலகை. அதில் சில விசைகள். சிவப்பாய் ஒளிரும் ஆறு இலக்கங்கள். நினைவகத்தைப் பார்க்க ஒரு விசை, நிரலை ஓட்ட ஒரு விசை, ஓரடி நடத்த ஒரு விசை. அப்பலகையின் மெனு அவ்வளவே! அசெம்பிளரோ மாணவனின் தலைக்குள் இருந்தது. 'பி பதிவகத்தில் ஒன்றைக் குறை' என்பதற்கு 05, 'நில்' என்பதற்கு 76 என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, விரலால் அழுத்தினார்கள்.

பாலக்காட்டு மாவட்டத்துக்கும் இக்காலத்தில் இத்துறையில் பங்கு கிடைத்தது. கஞ்சிக்கோட்டில் 1976-இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் பிரிவு ஒன்று அமைந்தது. மின்னணு இணைப்பகக் கருவிகளைச் செய்வது அதன் பணி. எண்முறை இணைப்பகத்தில் பேசுவோரின் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டு எண்ணாகிச் செல்கிறது. தொலைபேசியை எடுத்தவுடன் நம் காதில் விழும் அந்த நீண்ட ஒலிகூட எண்களின் வரிசையே. ஒலியை எண்ணாக்கும் வித்தை இவ்வாறு கொல்லங்கோட்டுக்காரர் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவுக்கே வந்துவிட்டது.

8085 பலகையில் ஒரு சுரத்தை எழுப்புவது எங்ஙனம் என்று பார்ப்போம். பலகையின் கடிகாரம் நொடிக்கு 30,72,000 முறை துடிப்பதாகக் கொள்வோம். நமக்கு வேண்டியவை ஆறே கட்டளைகள். வெளிவாயிலுக்குச் செல்லும் எண்ணைத் தலைகீழாக்கு. அதை வெளியே அனுப்பு. பி பதிவகத்தில் ஓர் எண்ணை வை. அதில் ஒன்றைக் குறை. சுழியம் ஆகவில்லையேல் மீண்டும் குறை. ஆகிவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. ஒலிபெருக்கியின் தகடு இதனால் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் அசைகிறது. ஒருமுறை குறைத்து மீண்டும் திரும்புவதற்கு 14 துடிப்புகள் ஆகும். மற்றக் கட்டளைகளுக்கு மொத்தத்தில் 28 துடிப்புகள் கூடும். பி-யில் 247 என்று வைத்தால் அரை அதிர்வுக்கு 3,486 துடிப்புகளாகி, நொடிக்கு ஏறத்தாழ 440.6 அதிர்வுகள் கொண்ட சுரம் எழும். அதையே நம் ஆதார சட்ஜமாகக் கொள்வோம்.

இனிப் பஞ்சமம் வேண்டும். சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவு 2-க்கு 3 என்பது இசையறிந்தோர் எல்லாரும் அறிந்ததே. ஆகவே 247-ஐ மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கினால் போதும் என்று ஒருவர் நினைப்பார். விடை 164.67. அதை 165 ஆக்கிப் பொறிக்கு ஊட்டினால் வரும் சுரம் நொடிக்கு ஏறத்தாழ 657 அதிர்வுகள் உடையது. சுத்தப் பஞ்சமத்தைவிட நான்கு அதிர்வு குறைவு. தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் காது உடனே முகம் சுளிக்கும். எங்கே பிழை? அந்த 28 துடிப்புகளை மறந்ததே பிழை. அவற்றைக் கணக்கில் சேர்த்தால் வைக்கவேண்டிய எண் 164. அப்போது அரை அதிர்வுக்கு 2,324 துடிப்புகள். 3,486-க்கும் 2,324-க்கும் உள்ள விகிதம் துல்லியமாக 3-க்கு 2! பஞ்சமம் சட்ஜத்தோடு இழைந்துவிடும். இப்பிழையை எந்த மெனுவும் திருத்தித் தராது. 'அசெம்பிள்' என்று சொன்னால் 165-ஐயும் அது மறுப்பின்றி ஏற்கும். இலக்கணப் பிழையை அசெம்பிளர் காட்டும். சுருதிப் பிழையைக் காட்டவேண்டியது நம் காதே.

மெனு பிறந்த கதை இதற்குப் பிந்தியது. 1970-களின் நடுவில் கேரி கில்டால் எழுதிய சி.பி.எம். என்ற அமைப்பில், நிரலை எழுத 'எட்', மாற்ற 'ஏஎஸ்எம்', ஏற்ற 'லோட்', பிழை தேட 'டிடிடி' என்று தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. ஒன்றை முடித்து வெளியேறிய பின்னரே மற்றொன்றை அழைக்க வேண்டும். 1983-இல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல், எழுதுவது, மாற்றுவது, ஓட்டுவது எல்லாவற்றையும் ஒரே மெனுவின்கீழ்க் கொணர்ந்து புகழ் பெற்றது. மறு ஆண்டு வந்த மாக்கின்டாஷ் மேலிருந்து கீழே விரியும் மெனுவை மக்களிடையே பரப்பியது. அசெம்பிளர்களும் அவ்வழியே சென்றன. நிரலை இருமுறை படித்து, முதன்முறையில் பெயர்களுக்கு முகவரி கண்டு, இரண்டாம் முறையில் எண்களை எழுதும் பெரும் உழைப்பு முழுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கியது.

இவ்வசதி நன்மையே. ஆயினும் வசதிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை நம் சங்கீதத்தைத் தொடும் இடமும் உண்டு. 1981-ஆம் ஆண்டின் முடிவில், பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் கல்விப் பணிக்காகக் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்ற கணிப்பொறியைச் செய்தது. 1984-இல் நம் நாட்டரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு முதலில் தேர்ந்துகொண்டது இதையே. மொகாலியிலும் இப்பொறி உரிமம் பெற்று, யூனிகார்ன் என்ற பெயரில் செய்யப்பட்டது. இதில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் செய்த ஒலிச் சில்லு ஒன்று இருந்தது. மூன்று சுரங்களையும் ஓர் இரைச்சலையும் அது ஒருங்கே எழுப்பும். அதை இயக்க 'சவுண்ட்' என்ற ஆயத்தக் கட்டளை உண்டு. ஆனால் அக்கட்டளை மேலைநாட்டு முறைப்படி ஸ்தாயியைச் சமமான 12 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் நான்காகப் பிரித்த படிகளில் மட்டுமே சுரம் தரும்.

440 அதிர்வை ஆதாரமாகக் கொண்டால், தம்புராவில் தானாகவே எழும் அந்தர காந்தாரம் 550 அதிர்வு உடையது. 'சவுண்ட்' கட்டளையின் படிகளோ 546.4 என்றும் 554.4 என்றும் அதன் இரு பக்கத்திலும் விலகி நிற்கின்றன. இடையில் படி இல்லை. அப்படியானால் அச்சில்லுக்கு நம் காந்தாரம் தெரியாதா? தெரியும்! அதன் உள்ளே 1,25,000-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தே சுரம் உண்டாகிறது. 284-ஆல் வகுத்தால் 440.1; 227-ஆல் வகுத்தால் 550.7. காந்தாரம் ஒரு மயிரிழைக்குள் வந்துவிடுகிறது. ஆயத்தக் கட்டளையை விட்டு இறங்கி, அப்பொறியின் பேசிக் மொழிக்குள்ளேயே அமைந்திருந்த அசெம்பிளரைக் கையாண்டு, 227 என்ற எண்ணைச் சில்லுக்கு நேரே எழுதினால் போதும். தடை கருவியில் இல்லை. கருவிக்கு மேலே யாரோ அமைத்துவைத்த படிக்கட்டில் இருந்தது.

நம் நாட்டவர் சிலர் அப்படிக்கட்டை ஏற்றுக்கொள்ளாமல் சொந்தக் கருவிகளையே செய்தனர். 1979-ஆம் ஆண்டளவில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புரா, இன்று கச்சேரி மேடைகளிலும் வீட்டுப் பூஜையறைகளிலும் பழகிய பொருளாகிவிட்டது. சுருதியை அறிந்த காதும் மின்சுற்றை அறிந்த கையும் ஒருவரிடமே சேர்ந்ததன் பயன் அது.

இனிச் சுருக்கிக் கூறுவோம். 'அசெம்பிள்' என்ற சொல்லுக்குள் காத்லீன் அம்மையாரின் குறிகளும் வீலரின் 31 கட்டளைகளும் இருக்கின்றன. 'ஸ்டெப்' என்ற சொல்லுக்குள் ஸ்டான்லி கில்லின் பொறுமை இருக்கிறது. 'ரன்' என்றவுடன் எழும் ஒலிக்குள் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியவர்களின் விழிப்பு இருக்கிறது. மெனு இவ்வுழைப்பையெல்லாம் நமக்குப் பரம்பரைச் சொத்தாகத் தருகிறது. ஆனால் சொத்தின் கணக்கு அறியாதவன் அதை ஆள முடியாது. பிறர் வகுத்த பன்னிரண்டு படிகளிலேயே அவன் நின்றுவிடுவான்.

புளியங்கோலால் கல்லில் தட்டும் கொல்லங்கோட்டுச் சிறுவனுக்குச் செண்டை கையில் வரும் நாள் வரும். அந்நாளில் அவன் கல்லை மறக்கலாம். கல்லில் கற்ற கணக்கை மறக்கமாட்டான். நம் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியைக் கற்பிக்கும்போதும் முதலில் ஒரு சிறு பலகையையும், ஆறு கட்டளைகளையும், ஓர் ஒலிபெருக்கியையும் அவர்கள் முன் வைப்போம். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அவர்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு எத்தனை பெரிய மெனு திரையில் விரிந்தாலும் அவர்கள் அதற்கு அடிமையாகமாட்டார்கள். அதை ஆள்பவர்களாக இருப்பார்கள்.